எங்கள் வாசலில் ஒடியும் ரோடு

ஜூன் 3

என் அருமைப் பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். உனக்கு சர்வேயர் லைசென்ஸ் வந்த சேதியை நான் சொல்லாத ஆளில்லை. டீக்கடைக்காரர் என்னைக் கண்டாலே கடையைச் சாத்தப் பார்க்கிறார்.

முதல் வேலை நம் வீட்டில்தான். வாசலில் ரோடு காரணமே இல்லாமல் ஒடிந்து திரும்புகிறதல்லவா? நம் வேலியும் அதோடு சேர்ந்து ஒடிகிறது. நேராகக் கோடு போட்டால் பக்கத்து வீட்டுப் பால்காரரின் மாட்டுக்கொட்டகையில் பாதி நம்முடையது. "அளக்கறது உங்க தங்கச்சியாச்சே..." என்று அவர் இழுத்தார். "அவ பொய் சொல்லமாட்டா" என்று அடித்துச் சொன்னேன். நீ போடும் கோட்டுக்கு இருவரும் கட்டுப்படுவதாகப் பேச்சு. அளக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வா.

உன் அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அளந்து முடித்து நான் கிளம்பும்போது நீ வெளியே வரவில்லை. அண்ணி தட்டு வைத்தும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அங்கே நீ காதில் வாங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதன்முதலில் இந்த நிலங்களை அளந்தவர்கள், ஆற்றிலிருந்து அளவுச் சங்கிலியால் இத்தனை சங்கிலி தூரம் தள்ளி ஒரே நேர்க்கோடு போட நினைத்தார்கள். கிழக்குப் பாதியை அளந்தது ஒரு கூட்டம், மேற்குப் பாதியை இன்னொரு கூட்டம். ஒரு கூட்டத்தின் இரும்புச் சங்கிலி கல்லிலும் புதரிலும் இழுபட்டு, வளையம் தேய்ந்து நீண்டுவிட்டது. அவர்கள் கோடு அந்த அளவு தள்ளிப் போயிற்று. நம் வாசலில் இரண்டும் சேரவில்லை. அங்கே ஒரு கல்லை நட்டு, ஒடித்துச் சேர்த்துவிட்டார்கள். ரோடும் அந்தக் கோட்டை ஒட்டியே வந்தது. அதற்குப்பின் நிலம் வாங்கியவர்கள் எல்லாரும், நம் அப்பா உட்பட, அந்தக் கல்லை நம்பித்தான் வாங்கினார்கள்.

அளவு தப்பாக இருக்கலாம். ஆனால் நட்ட கல்தான் எல்லை. அது உன் கேட்டுக்கு அடியிலேயே புதைந்திருந்ததை நீயும் பார்த்தாய். கொட்டகை முழுக்கப் பால்காரருடையதுதான்.

அந்தக் கோட்டைப் போட்டதில் எனக்குப் பெருமைதான், அண்ணா. நீ பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

பாப்பா

ஆகஸ்ட் 2

பாப்பாவுக்கு,

கோபம்தான். ஊர் பார்க்க என் வாசலையே தோண்டி, எனக்கு உரிமையில்லை என்றவள் நீ. அண்ணி எவ்வளவோ சொல்லியும் பேனாவைத் தொடவில்லை.

நேற்று மறுபக்கத்து வேலிக்கு அந்தண்டை இருக்கும் மெக்கானிக் வந்தார். வேலித் தகராறில் இத்தனை வருஷமாக என் முகத்தில் விழிக்காத மனுஷர். "உங்க தங்கச்சியே வந்து அளக்கட்டும். சொந்த அண்ணனுக்கே விட்டுக்கொடுக்காதவ, எனக்கா அநியாயம் பண்ணப்போறா?" என்றார். நேரே டீக்கடைக்குத்தான் போனேன். பாவம், அவர் சாத்துவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டேன்.

கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். லாரிக்காரர்கள் திருப்பத்தில் நின்று திட்டினால், சங்கிலிக் கதையைச் சொல்லி, "கண்டுபிடிச்சது என் தங்கச்சி" என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. மெக்கானிக் பக்கத்து நிலமும் என் கையைவிட்டுப் போனால் போகட்டும். சாப்பிடாமல் மட்டும் நீ பஸ் ஏறக்கூடாது.

உன் அண்ணன்