யாழினிக்குக் காது குத்தியது

ஜூன் 3
காலையிலிருந்து சாரல். பட்டறைக்கு லேட். இரண்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டணும். கை ஓடவில்லை.

மெல்போர்ன் கோர்ட்டிலிருந்து மெயில். துடியலூர் வக்கீல் அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லச் சொன்னேன். யாழினியின் அம்மா சங்கீதா அங்கே புது மனு போட்டிருக்கிறாள். ஏப்ரல் லீவில் யாழினி இங்கே வந்து என்னோடு இருந்த பதினைந்து நாளைப் பற்றி. கோபி பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். ஆறு வயசு. இதுவே லேட் என்று அக்காவின் தினசரிப் புலம்பல். பெரிய முடிவு எதுவும் பெற்றவர்கள் இருவரும் சேர்ந்துதான் எடுக்கணும் என்று அங்கே விவாகரத்தின்போதே உத்தரவு.

"காது குத்தறது பெரிய முடிவுங்களா மேடம்? எங்க ஊட்ல எல்லாத்துக்கும் குத்தறதுதானுங்களே."

"இங்கன்னா ஜட்ஜ் சிரிச்சுப்போட்டு விட்டுருவாருங்க. அங்க அதக் கொழந்தைக்குப் பண்ணுன காயம்ங்கறாங்க."

காயம்!

ஜூன் 5
வேலை: கோயில் போட்டோ பிரிண்ட். ஊசி புதுசுதான் என்று காது குத்தின ஆசாரியிடம் எழுதி வாங்க. பெட்ரோல்.

காந்திபுரத்தில் பிரிண்ட் வாங்கினேன். அக்கா வீட்டுக்காரர் மடியில் யாழினி, வாயைத் திறந்து அழுகிறாள். சுற்றி நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூன் 8
சங்கீதாவின் தம்பி செந்தில், திருப்பூரிலிருந்து போன். விவாகரத்துக்கு அப்புறம் முதல் தடவை.

"ஏனுங்க மச்சான், தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். இன்னொருத்தர் மடியில உக்கார வெச்சுக் குத்திப்போட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்காகிட்ட நானே பேசியிருப்பனுங்க."

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வீம்பு, வேறென்ன. அவளிடம் கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? செந்தில் மடியில் வைத்துக் குத்தியிருந்தால் அவள் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டாள். என் பிள்ளையை நானே தொலைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடவில்லை.

ஜூன் 12
வெயில். ஆர்டர் வந்துவிட்டது. மறு உத்தரவு வரை யாழினியை இந்தியாவுக்கு அனுப்பக் கூடாது. வீடியோ கால் மட்டும். சனி 11 மணி, இருபது நிமிஷம். கோர்ட் ஏற்பாடு செய்த ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். கேஸ் பற்றிப் பேசக் கூடாது.

கூடவே, யாழினியிடம் பேசிப் பார்த்த மனநல ஆலோசகரின் ரிப்போர்ட். வக்கீல் அம்மா தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வலிக்கவே இல்லை, அழவே இல்லை என்று குழந்தை திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். அப்பா சொல்லிக்கொடுத்து அனுப்பியதாகத் தெரிகிறதாம்.

சத்தியமாக நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அழுதாளே! பின்னே ஏன் அப்படிச் சொன்னாள்?

ஜூன் 14, சனி
முதல் கால். குல்லாவோடு வந்தாள். ஸ்கூலிலும் கழற்றுவதில்லையாம், கழற்றினால் பிள்ளைகள் தலையைத் தடவிப் பார்க்கிறார்களாம். கேட்டுக்கொண்டிருந்தது ஓர் இலங்கைத் தமிழ் அம்மா, முகம் தெரியவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

"அப்பா, வலிச்சுதுன்னு சொன்னா உங்களப் பார்க்க விடமாட்டாங்கன்னு நெனச்சேன். அதான் வலிக்கலைன்னு சொன்னேன். அப்பறமும் ஏம்ப்பா விடமாட்டேங்கறாங்க?"

"வழக்கைப் பற்றிக் கதைக்க வேண்டாம், பிள்ளை," என்றார் அந்த அம்மா.

"என்ன சாப்பிட்டே சாமி?" என்றேன்.

தோசை என்றாள். மீதி இருந்த பதினாறு நிமிஷமும் அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.