நீட்டின காலும் நீட்டாத காலும்

ஜூன் 3, செவ்வாய்
மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் ஷீலா மேடம் கேட்டது, "மனசு எப்படிம்மா இருக்கு? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"
"நான் நாலாங்கிளாஸ். மார்க்கெல்லாம் நீயே போட்டுக்கோ" என்றேன்.
தோணுவதை எழுதுங்கள் என்று இந்த நோட்டைக் கொடுத்தது. எழுதுகிறேன். புருசன்னு இருந்த அந்த ஆள் எனக்கு எச்.ஐ.வி. கொடுத்துவிட்டுச் செத்துப் பத்தொன்பது வருசம். சாவு வீட்டில் நான் கொடுத்த டீயை யார் யார் குடிக்காமல் கீழே வைத்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். முதல் ஆள் மருமகள் வசந்தி.

ஜூன் 7, சனி
வசந்தி மகள், என் பேத்தி ஜெனிதாவின் குழந்தைக்குப் பதினெட்டு நாள். குளிப்பாட்ட ஜைதூன் பீயை வரவழைத்திருக்கிறாள் வசந்தி. நொச்சிக்குப்பத்தில் பாதிப் புள்ளைங்க என் கால்ல குளிச்சதுங்க! "உங்களுக்கு ஏன் அத்தே சிரமம்"ன்றா. மீன் கூடைய தூக்குறப்ப எங்க போச்சு இந்த அக்கறை?

ஜூன் 10, செவ்வாய்
ரத்த ரிப்போர்ட் வந்தது. கிருமி தெரிகிற அளவுக்குக்கூட இல்லையாம். வசந்தியிடம் நீட்டினேன். கண்ணாடி இல்லை என்றாள். கண்ணாடி தலை மேலயே கீது.

ஜூன் 12, வியாழன்
ஜைதூன் பீக்குக் காய்ச்சல். ஜெனிதா குழந்தையோடு வந்து நின்றாள். "உக்காரு ஆயா, கால நீட்டு." வசந்தி பக்கத்துலயே நிக்கிறா. நான்தான் — "வெரல்ல கெளுத்தி முள்ளு குத்திக்கீது, வேணாம்"னுட்டேன்.
பொய். அது எப்பவோ ஆறிப்போச்சு.
பயந்துட்டேன். அவ தடுக்கல, நானே. டீய கீழ வெச்சவங்க வரிசையில நானும் கீறேனா?

ஜூன் 13, வெள்ளி
ஷீலாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அது கேட்டது, "தொட்டா வராது, குளிப்பாட்டினா வராதுன்னு ஊருக்கெல்லாம் சண்டை போட்டுச் சொல்றீங்க. உங்களுக்கு யாரும்மா சொல்றது?"
கோவத்துல வெச்சுட்டேன்.

ஜூன் 14, சனி
வெந்நீர் நானே வைத்தேன். மணையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றிக் காலை நீட்டினேன். "ஜெனிதா, குடு." வசந்தியிடம், "இன்னா வேடிக்கை? மொண்டு ஊத்து" என்றேன். ஊற்றினாள்.
குழந்தை என் கால் மேலேயே மூத்திரம் போனது. வசந்தி சிரித்துவிட்டாள். சிரிச்சா மன்னிச்சிடுவேனா? அந்த டீ ஞாபகம் கீது.
ஜுரம் விட்டாலும் இனிமேல் வர வேண்டாம் என்று ஜைதூன் பீக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வசந்தியைக் கேட்கவில்லை.