முக்காட்டுக்குள் வெளிச்சம்

1955 ஏப்ரல் 4
பக்கத்து வளவு முனவ்வறா ராத்தாவின் பாஸ்போட் படம் கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. முகம் தெளிவில்லையாம். நான் எடுத்த படம். ஆண்கள் என் கணவரின் — மச்சானின் — ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். அந்நிய ஆண் முன்னால் இருக்கமாட்டோம் என்கிற பெண்களுக்காகத்தான் வீட்டில் என் கையில் ஒரு கமராவைத் தந்தார். இப்போது கடைப் பெயரைக் கெடுத்துவிட்டேனாம். வெள்ளை முக்காடு பளிச்சென்று இருக்கிறது. உள்ளே முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே கறுப்பு.

ஏப்ரல் 5
ராத்தா வந்தார். பாயில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.
"ஹஜ்ஜுக்குப் போற மூஞ்சிய அடுப்புக்கரியாக்கிப் போட்டாயே புள்ள!"
நோன்புக்கு முன்னம் நல்ல படம் போகாவிட்டால், அவருடைய கணவர், வயற்காரர் காலிதீன் போடியார், தனியே கப்பலேறிவிடுவாராம். பெண் தனியே ஹஜ்ஜுக்குப் போக ஏலாது; ராத்தாவுக்குக் கூட்டிப்போக வேறு மகனோ தம்பியோ கிடையாது. இந்தமுறை விட்டால் விட்டதுதான்.

ஏப்ரல் 6
கமராவைத் தொடவில்லை. ஆத்திரம் யார்மேல்? என்மேல்தான்.

ஏப்ரல் 8
பிலிமை வீணாக்க மச்சான் விடமாட்டார். சரி, பிலிம் இல்லாமலே பழகுகிறேன். மண்சட்டியை முக்காலியில் கவிழ்த்து, வெள்ளைத் துணியால் முக்காடு போட்டேன். கமராவின் பின்கண்ணாடியில் பார்த்தால், அறைக்குள் கறுப்பு. சன்னலடியில் பாதி கறுப்பு. வெயிலில் முக்காட்டு நிழல் விழுந்து இன்னும் மோசம்.
மச்சான் எட்டிப் பார்த்தார். "சட்டிக்கும் பாஸ்போட்டா?"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 13
திரும்பவும் சட்டி. திரும்பவும் கறுப்பு. தூக்கி எறியலாம் போல வந்தது. எறியவில்லை — நாளைக்குக் கறி காய்ச்சச் சட்டி வேண்டுமே.

ஏப்ரல் 18
நோன்புக்காக வளவில் புது மணல் பரப்பினோம். கடற்கரை வெள்ளை மணல், கண் கூசியது. விறாந்தை ஓரத்து நிழலில் சட்டியை வைத்துப் பார்த்தேன். வெயில் மணலில் பட்டு, கீழிருந்து முக்காட்டுக்குள் ஏறுகிறது. சட்டியிலுள்ள சின்னக் கீறல்கூடத் தெரிகிறது! அல்ஹம்துலில்லாஹ்.
மச்சானிடம் பிலிம் கேட்டேன்.
"ஒண்டுதான் தருவன். இதும் பிழைச்சா கமராவ எடுத்திருவன்."

ஏப்ரல் 19
ராத்தா மறுத்தார். "இன்னொருக்கா வெக்கப்பட ஏலா, புள்ள." கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். முக்காட்டின் வெள்ளை எப்படிப் போனாலும் போகட்டும் என்று, முகத்துக்காக லென்ஸைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தேன்.
இருட்டறையில் முதலில் வந்தது கண்கள். பிறகு மூக்கு. பிறகு ராத்தா.
மச்சான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே உறையில் போட்டுக் கொழும்புக்கு விலாசம் எழுதினார்.

மே 2
கொழும்பிலிருந்து பதில் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே சன்னலுக்கு ஓடுகிறேன்.

ஜூன் 20
பாஸ்போட் கிடைத்துவிட்டது என்று ராத்தா பயணம் சொல்ல வந்தார். நாளை மறுநாள் போடியாரோடு கொழும்புக்குப் போகிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக மன்னிப்புக் கேட்பதுதானே. என் கையைப் பிடித்தார். "அண்டைக்குச் சொன்னதப் பொறுத்துக்க புள்ள." பொறுத்தேன் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் போனபின் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய வெள்ளை மணல். நோன்பும் போய்ப் பெருநாளும் போயாச்சு, இப்ப எதுக்கு மணல் என்று கேட்டேன்.
"ஸ்டூடியோவுக்கு," என்றார் மச்சான், என் முகத்தைப் பார்க்காமல். "முக்காலிய எந்தப் பக்கம் வெக்கணும்?"