ஃபைல் இருந்த இடத்தில் குக்கர்

மார்ச் 4

இந்த நேரத்தில் உன்னைத் திறந்ததற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மகள் இப்போதுதான் கண்ணை மூடினாள். வேறு யாரிடம் சொல்ல?

அவர் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்கு வந்து மூன்று நாள். மகளை அரை நாள் விடப்போகும் குழந்தைகள் காப்பகத்தில் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். பெட்டியைத் திறந்தால் ஃபைல் இல்லை. அது இருந்த இடத்தில் என் சேலையைச் சுற்றிக்கொண்டு ஐந்து லிட்டர் குக்கர் உட்கார்ந்திருக்கிறது. அட்டை, பட்டம், ஆறு செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாம் அந்த ஃபைலில்தான். என் கையால் வைத்தேன். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகாமல் நானும் நாத்தனாரும் எடை பார்த்துப் பூட்டினோம். சாவி இருந்தது மாமியாரிடம்.

கைப்பையில் வைத்திருக்க வேண்டும். அதில் முழுக்க டயப்பர்.

மார்ச் 5

அலுமினியக் குக்கர் இந்த வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஆகாதாம். நல்லா வேணும்.

மார்ச் 6

அவரிடம் சொன்னேன். அட்டை என்றதும் பதறினார். "தங்கச்சிய உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன்."

"என் சர்டிபிகேட்?"

"வந்து இறங்கி அஞ்சு நாள் ஆகல. எந்த ராஜா ஓலை அனுப்பிட்டான் உனக்கு?"

சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மகளும் சிரித்தாள். அவளிடமும் கோபம் வந்தது. ஒன்றரை வயசுக் குழந்தையிடம். சே.

மார்ச் 8

நாத்தனார் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணி, அம்மாவத் திட்டாதீங்க. அண்ணன்தான் போன்ல சொல்லுச்சு, ரெண்டு கிலோ காகிதம் எதுக்கு, குக்கர வைங்கன்னு. எடுத்தது நான்தான். கை கூசிச்சு. பரண்ல போடச் சொன்னாங்க, போடல. என் காலேஜ் புக்குக்கு அடியில வச்சிருக்கேன்."

நாலு நாளாக மாமியாரை மனசுக்குள் கரித்துக்கொட்டினேனே. பாவம் அந்த மனுஷி.

மார்ச் 9

அவரிடம் கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை.

"குழந்தை சின்னது. ரெண்டு வருஷம் கழிச்சு நீ வேலை தேடலாம்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

இதுதான். இதைத்தான் தாங்க முடியவில்லை. மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இவர் வந்தபோது தன் ஃபைலைப் பெட்டியில்கூடப் போடவில்லையாம், விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்ன கதை. நானும் வாயைப் பிளந்து கேட்டேன்.

மார்ச் 12

அட்டையின் படம் வந்தது. காப்பகத்தில் திங்கள் முதல் சேர்த்துக்கொள்கிறார்கள். "பிரச்சினை முடிஞ்சுதுல்ல?" என்றார். குக்கரை எடுத்து அவர் அலமாரியில், அவர் ஃபைல் மேல் வைத்தேன். பார்த்தார். எடுக்கவில்லை.

நாத்தனாருக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"குட்டி, புக்குக்கு அடியில வச்சதுக்கு உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஃபைலை அப்படியே அனுப்பு, ஒரு தாளைக்கூட எடுக்காதே. யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், நீயே கூரியரில் போடு. பெறுநர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் வேண்டாம், என் பெயர் எழுது. என்றைக்குப் போடுவாய் என்று சீக்கிரம் பதில் சொல்லு."