வெல்வெட்டுச் செருப்பும் நாப்பி டப்பாவும்

இராசபாளையம்,
1936ம் வருஷம் மே மாதம்.

ரெங்கூனில் அரிசி மில்லில் கணக்கெழுதும் என் மகன் சத்தியநேசனுக்கு அம்மா ஏசம்மாள் எழுதுவது. கர்த்தர் எங்களை இதுவரைக்கும் உயிரோடு வைத்திருக்கிறார், உன்னையும் அப்படியே வைத்திருப்பார் என்று நம்புகிறேன், அதற்கு மேல் சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. வழக்கமாக உபதேசியாரிடம் சொல்லித்தான் எழுதுவேன். அவர் என் வார்த்தையில் பாதியைத் துடைத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் நல்ல வசனமாக எழுதிவிடுவார், நீயும் அம்மா சாந்தமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். அதனால் என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் நானே எழுதுகிறேன். கோணலாக இருந்தாலும் எழுத்துக்கூட்டி முழுசும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நம் வீட்டில் கூடியிருந்தவர்கள் இன்னின்னார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று நழுவ முடியாது. நான் இருந்தேன். செத்துப்போன உன் அக்காள் தேவகிருபையின் மகள் ரூத்து இருந்தாள். அவளைப் பெற்ற தகப்பன், உங்கள் ரெங்கூன் துறைமுகத்து மேஸ்திரி, உன் அத்தான் ஜேசுதாசன் இருந்தார். அக்கரையில் அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட தவமணி இருந்தாள், அவள் இடுப்பில் அவள் பெற்ற பிள்ளை இருந்தது, இடுப்பில் சுமக்கிற வயசில்லை, நாலு முடிந்துவிட்டது. தவமணியின் தாயார் செட்டியார்பட்டி வெள்ளைத்தாய், கூப்பிடாமலே வந்து இருந்தாள். ஜெபம் பண்ண உபதேசியார் தேவஇரக்கம் இருந்தார். பக்கத்து ராசுக்கள் வீட்டு வெங்கம்மாவும் அவள் வெள்ளை நாயும் வாசற்படியில் இருந்தார்கள். நாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அன்றைக்கு மரியாதையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

உன் அத்தான் மெட்ராஸில் கப்பலிறங்கி ரயிலேறி வந்தவர். இந்த இராசபாளையம் டேசனைத் தாண்டித்தானே செட்டியார்பட்டிக்குப் போக வேண்டும்? கடல் தாண்டி வருகிறவன் கொண்டுவந்த பண்டத்தை முதலில் வீட்டுத் தலைப்பிள்ளை வாயில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நம் வீட்டில் உன் தாத்தா கொழும்பிலிருந்து வந்த காலத்து வழக்கம். இவர் திங்கட்கிழமை நேரே செட்டியார்பட்டிக்குப் போய், அங்கே பெட்டியைத் திறந்து, வெள்ளைத்தாய்க்குப் பட்டுக் குடை, அவள் மகனுக்கு அரக்குப் பெட்டி, அவள் தங்கச்சிக்குக் கூட சந்தன சோப்பு என்று எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதான் தலைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வந்தார். குடையை வெயில் இல்லாத வீட்டுக்குள்ளேயும் மடக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வெள்ளைத்தாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரூத்து எப்படிக் காத்திருந்தாள் என்பது உனக்குத் தெரியாதா. தாய் செத்து முப்பதாம் நாள் ஜெபம் கழிந்து இவர் கப்பலேறப் போன அன்றைக்கு, நாலு வயசுப் பிள்ளையின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த தடவை வரும்போது இந்தக் காலுக்கு ரெங்கூன் வெல்வெட்டுச் செருப்பு கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை. பிள்ளை அதை மறக்கவேயில்லை. ஊரார் மேஸ்திரி என்றால் இவளும் மேஸ்திரி என்பாள், அப்பா என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. இந்த வருஷம் வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் ஒருநாள் உலை வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அம்மாச்சி, செருப்பக் கொண்டாந்துட்டாகன்னா அன்னையிலருந்து மேஸ்திரின்னு சொல்லமாட்டேன், அப்பான்னுதான் கூப்பிடுவேன்" என்றாள். அதற்கப்புறம் தண்ணீர்ப் பானைக்குள் குனிந்து அப்பா அப்பா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டும் காணாதது போல் இருந்தேன். எனக்கு அந்த மனுஷன் மேல் எம்புட்டு கோபம் இருந்தாலும், பிள்ளைக்கு ஒரு அப்பா கிடைத்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் சேத்தூர் பால்ச்சாமி தை மாதம் ரெங்கூனுக்குக் கிளம்பியபோது, உனக்குச் சாத்தூர் சேவும் கருப்பட்டி மிட்டாயும் ஓலைக் கொட்டான் நிறையக் கொடுத்தனுப்பி, அதற்கு மேலே ரூத்தின் காலளவுக்கு ஓர் ஓலையை நறுக்கிச் சிவப்பு நூல் சுற்றி வைத்து, பலகாரம் உனக்கு, ஓலை உன் அத்தானுக்கு என்று பால்ச்சாமியிடம் வாய் வலிக்கச் சொல்லி அனுப்பினேன். நீயும் பதில் எழுதினாய். சேவு நமத்துப்போகாமல் வந்தது, மிட்டாய் தேன் போல இருந்தது, அளவோலையும் கிடைத்தது என்று எழுதினாய். நான் ஒன்றும் மறக்கிறவள் இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். உபதேசியார் நீளமாக ஜெபம் பண்ணி முடித்தார். முதலில் உன் அத்தான் மந்தார இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து ரூத்து கையில் கொடுத்தார். என்ன அது என்று பார்த்தால் சீவில்லிபுத்தூர் பால்கோவா. ரெங்கூனிலிருந்து வருகிறவன் வழியில் ரயில் நின்ற நேரத்தில் சன்னல் வழியாகக் கைநீட்டி வாங்கிய பால்கோவாவைத்தான் மகளுக்குக் கொண்டுவருவானா? சீவில்லிபுத்தூர் என்ன பர்மாவிலா இருக்கிறது, நான் விளக்கெண்ணெய் வாங்கப் போகிற ஊர். அதுவும் திங்கட்கிழமை வாங்கியது, இந்த அக்கினி நட்சத்திர வெயிலில் செட்டியார்பட்டி அடுக்களையில் வாரம் முழுதும் கிடந்தது. பிரித்தால் இலையோடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வருகிறது, புளித்த நாற்றம். பிள்ளை அதையும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து நல்லாயிருக்கு என்றாள். வெங்கம்மா எட்டிப் பார்த்து, "ஏன் மேஸ்திரி, ரெங்கூன்ல மாடு பால் கறக்காதா?" என்று கேட்டாள்.

அடுத்தது நீ கொடுத்தனுப்பிய டப்பா. "சத்தியநேசன் நேர்ல வந்து குடுத்தான் அத்தே, அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், மறக்காமக் குடுங்கன்னு சொன்னான்" என்று என் கையில் தந்தார். மேலே மயில் படம் போட்டிருந்தது. மயில் படம் போட்ட டப்பாவில் என்ன இருக்கும் என்று நினைப்பேன், அல்வாவோ பழப்பாகோ என்றுதானே? மகன் கொடுத்தனுப்பினான் என்ற பெருமையில், வெள்ளைத்தாய் பார்க்கட்டும் என்றே, அவள் முன்னால் வைத்து மூடியைத் திறந்து விரலை விட்டு வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். ஏலே, அது என்னலே அது! கூனி இறாலை அழுகப் போட்டு உப்பிட்டு இடித்த விழுதாம், நாப்பி என்று பெயராம், அங்கே நீங்கள் எல்லாம் சோற்றுக்குப் பிசைந்து தின்பீர்களாம். நான் முற்றத்துக்கு ஓடிய ஓட்டத்தை இந்த வயசில் இனிமேல் ஓடமாட்டேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் கடித்தேன், வெங்கம்மா ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள், இன்றைக்கும் அந்த வாடை என் நாக்கில் இருக்கிறது. நாய் ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுத் தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வெள்ளைத்தாய் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏசம்மா, யார் வீட்டுப் பொணத்தை டப்பாவுக்குள்ள அடைச்சு அனுப்பியிருக்கான் ஒம் மவன்?" என்று கேட்டுச் சிரித்தாள். உபதேசியாரும் சிரித்தார், இருமல் என்று சொன்னார், இருமல் இல்லை. உனக்கு மீனைக் கண்டால் ஆகாத அம்மா ஒருத்தி ஊரில் இருக்கிறாள் என்பது பத்து வருஷத்தில் மறந்துபோயிற்றா? பண்டம் வாங்கிக் கொடுக்கிறவன் தின்னப் போகிறவள் நாக்கை நினைக்க வேண்டாமா, தன் நாக்கை நினைத்து வாங்குவானா? டப்பாவைக் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்திருக்கிறேன், அந்த இடத்தில் கீரை கூடப் போடமாட்டேன்.

இதெல்லாம் போகட்டும், நான் வாந்தியெடுத்தது பெரிதில்லை. கடைசியாக உன் அத்தான் பெட்டிக்கு அடியிலிருந்து காகிதத்தில் சுற்றியதை எடுத்தார். ரூத்து எழுந்து நின்றுவிட்டாள். சிவப்பு வெல்வெட்டு, ஓரத்தில் பொன்னிற நூல் வேலை, நான் குறை சொல்லமாட்டேன், லட்சணமான செருப்பு. கீழே வைத்தார். பிள்ளை காலை நுழைத்தாள். விரல் மட்டும்தான் உள்ளே போயிற்று, பாதிக் கால் வெளியே நின்றது. நெரித்து நெரித்துப் பார்த்தாள், குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்தினாள், முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தவமணியின் பிள்ளை இடுப்பிலிருந்து வழுகி இறங்கி வந்து, மற்றச் செருப்பில் காலை விட்டது. கச்சிதமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒற்றைச் செருப்பில் தத்தித் தத்தி நடந்தது. வெள்ளைத்தாய் சும்மா இருக்கவேண்டியதுதானே, "எம் பேத்திக்கு அளவெடுத்துத் தச்சாப்ல இருக்கு பாரேன், அதான பாத்தேன், இவளுக்குன்னு வாங்குனத இங்கன கொண்டாந்து நீட்டுதாரு மாப்ள" என்றாள். தவமணி "சும்மா இரும்மா" என்று சொல்லத்தான் செய்தாள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ரூத்து கேட்டுவிட்டாள். தன் காலில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள், பாவாடை நுனியால் அதில் பட்ட தூசியைத் துடைத்தாள், அந்தப் பிள்ளையின் மற்றக் காலில் தானே மாட்டிவிட்டாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள், அவர்கள் புறப்படும்வரைக்கும் வெளியே வரவில்லை.

நான் உன் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். வாயில் நாப்பி வாடையோடு என்னென்ன கேட்டேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் போதாது. பெற்ற பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் கால்மிதியைக் கொண்டுவந்தாயே என்று கூடக் கேட்டேன். மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டி, "அத்தே, நான் போகையில அவ காலு இந்தக் கைக்குள்ள அடங்கும். அந்தக் கைய வச்சுத்தான் கடைக்காரன்கிட்ட அளவு காட்டுனேன். இவளுக்குன்னு நெனச்சுத்தான் வாங்குனேன், சத்தியமா. புள்ள வளந்திருக்கும்னு புத்திக்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே" என்றார். நான் விடவில்லை, அளவோலை கொடுத்தனுப்பினேனே மாப்பிள்ளை, அதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். எந்த ஓலை அத்தே என்று கேட்டார். திரும்பக் கேட்டேன். சத்தியநேசன் ஒரு ஓலையும் தரவில்லையே, டப்பா ஒன்றுதானே தந்தான் என்றார்.

அப்போதுதான் குற்றவாளி யார் என்று எனக்குத் தெரிந்தது. சேவைத் தின்றாய், மிட்டாயைத் தின்றாய், ஓலையை என்ன செய்தாய்? பல் குத்தினாயா? அத்தான் இரண்டாவது கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மாதானே சொல்லியிருந்தாள் என்று சாக்கு எழுதாதே. நாப்பி டப்பாவைக் கொடுக்க அந்த வாசலை மிதித்தாயே, கையில் டப்பா இருந்த இடத்தில் ஓலைக்கு இடமில்லையா, காற்றைவிடக் கனமா அது?

புறப்படும்போது உன் அத்தான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, போய்ட்டு வாரேம்மா என்று சொன்னார். நான் பிள்ளையைக் கண்ணால் கெஞ்சினேன். அவள் முகம் கழுவி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு யாரோ இன்ஸ்பெக்டர் வந்தது போல நேராக நின்று, "போயிட்டு வாங்க மேஸ்திரி" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். தவமணி அந்தச் செருப்பைக் கழற்றி நம் வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள், நல்ல வளர்ப்பு, தாயைப் போல இல்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, ரூத்து அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறாள், எடுக்கவும் மாட்டேன் என்கிறாள், என்னை எடுக்க விடவும் மாட்டேன் என்கிறாள். அவர் வியாழக்கிழமை ரயிலேறிவிட்டார், இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அங்கே வந்திருப்பார்.

மற்றபடி பசு ஈன்றிருக்கிறது, கிடாரி. பஞ்சவர்ண மாங்காய் இந்த வருஷம் காற்றில் உதிர்ந்தது போக மிச்சம் கொஞ்சம்தான், உனக்கு வடு போட்டு வைத்திருந்தேன், வெங்கம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண் எரிகிறது என்று எழுதியிருந்தாய். நாற்றம் பிடித்ததைத் தின்னாதே.

இதற்குள் ஒரு புது ஓலை வைத்திருக்கிறேன். ரூத்து இனிமேல் அளவு கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அவள் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தபோது தரையில் விழுந்த தடத்தின் மேல் ஓலையை வைத்து, காய்வதற்குள் நறுக்கினேன். தையில் நறுக்கியதைவிட இதற்குள் ஒரு நெல் நீளம் கூடியிருக்கிறது. இதை நீயே எடுத்துக்கொண்டு போய் உன் அத்தான் கையில் கொடு, அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போ, ஓலையை அவர் கையால் வைத்துப் பார்க்கட்டும். வருகிறவர்கள் யாரிடமும் கொடுத்துவிடவேண்டாம், அவரே கொண்டுவரட்டும், கிறிஸ்துமஸுக்கோ அடுத்த கிறிஸ்துமஸுக்கோ. சேவு வைத்தனுப்பிய கொட்டானையும் மறக்காமல் திருப்பி அனுப்பு, இரவல் கொட்டான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கை கால் சுகத்தோடு இருக்கட்டும். உன் அத்தான் அந்தக் கையை விரித்துக் காட்டியபோதே அவரை நான் மன்னித்துவிட்டேன். வெள்ளைத்தாயை அவள் குடை கிழியும் அன்றைக்கு மன்னிப்பேன். ரூத்து அந்த மனுஷனை அப்பா என்று கூப்பிடுகிற சத்தத்தை என் காதால் கேட்கிற வரைக்கும் நான் மன்னிக்க முடியாத ஆள் ஒருத்தன் உண்டு, அவன் பெயர் சத்தியநேசன்.

உன்னைப் பெற்ற
ஏசம்மாள்.