சோலையப்பனின் நூறு

ஜனவரி 6, செவ்வாய்
லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது போய் ஆன்லைனில் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கம்பெனி உத்தரவு. ஆனால் சைட்டுக்கு ஆள் ஏற்றிப்போகப் புது பஸ் வருகிறது, அதிக மார்க் எடுப்பவனுக்குத்தான் அது. பஸ் லைசென்ஸ் இருப்பது எனக்கும் ரூம்காரன் சோலையப்பனுக்கும் மட்டும். அவனுக்கு இங்கிலீஷ் வராது. நான் ஓட்டும் ஓட்டை பிக்கப்பை விட்டுத் தொலையலாம், பஸ் எனக்குத்தான்.

ஜனவரி 9, வெள்ளி
பரீட்சை எழுதினேன். 88. மூன்று தப்பு. பனிமூட்டத்தில் ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிடக் கூடாதாம். இந்த வளைகுடா ஊரில் யார்தான் எரியவிடாமல் ஓட்டுகிறான்?

சோலை போனை நீட்டினான். "அண்ணே, எனக்கும் போட்டுக் குடுத்துடுங்க." ரூமில் எல்லார் போனும் என்னிடம்தான் வரும். அவன் சோறு வடித்துக்கொண்டிருந்தான், நான் அழுத்தினேன். என் தப்புகள் நினைவில் இருந்ததால் கை தானாகச் சரியானதைத் தொட்டது. 100 என்று வந்த பிறகுதான் உறைத்தது. புத்தி எங்கே போயிற்று எனக்கு?

ஜனவரி 12, திங்கள்
பஸ் சோலைக்கு. ஜிலேபி வாங்கிவந்தான். "உங்க கைராசிண்ணே." வயிறு எரிகிறது. என் மார்க்கைப் பார்த்து நானே பொறாமைப்படுகிறேன், இதை யாரிடம் சொல்வது?

ஜனவரி 13
புது பஸ். சீட்டு உறைகூடப் பிரிக்கவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

ஜனவரி 15, வியாழன்
சேஃப்டி ஆபீசர் ஹசன் அலியிடம் சொல்லிவிட்டேன் — சோலை தானே எழுதவில்லை, பாய் என்று. "அப்புறம் யாரு?" என்றார். தெரியாது என்றேன். "அச்சா" என்றவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 19, திங்கள்
இருவரையும் எதிரில் உட்காரவைத்து ஹிந்தியில் அதே கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டார். நான் மனப்பாடம், 100. சோலை 92. பனிமூட்டக் கேள்விக்கு அவன் சொன்னது: "நாலும் மினுக்கிட்டு இருந்தா நான் திரும்புறது பின்னால வர்றவனுக்கு எப்படி பாய் தெரியும்?" யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஹசன் அலி சிரித்துவிட்டார்.

பஸ் எனக்கு, என் ஓட்டை பிக்கப் அவனுக்கு. வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னான், "யாரு எழுதினதுன்னு ரொம்பக் கேட்டாருண்ணே. நான் சொல்லல." கோள் சொன்னது நான்தான் என்று அவனுக்குத் தெரியுமா? தெரியும். திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 24, சனி
காலையில் கடும் பனி. என்னையறியாமல் கை போய் நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டது. நூறு மார்க் வாங்கிய அதே கை. சைட்டுக்கு வலப்பக்கம் திரும்பினேன். பின்னால் வந்த டேங்கருக்கு நான் திரும்புவது தெரியவில்லை. ஹாரன், பிரேக் சத்தம் — ஒரு கை தூரத்தில் நின்றான். பஸ்ஸுக்குள் கத்தல். யாருக்கும் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். டேங்கருக்கு நல்ல இடைவெளி விட்டு, பனிக்குள்ளிருந்து மெதுவாக, என் பழைய பிக்கப் வந்துகொண்டிருந்தது. மினுக்கல் இல்லை.

சைட்டில் எல்லாரும் இறங்கினார்கள். எங்கள் ரூம் வீரபாண்டி மட்டும் திரும்பி, "சாயங்காலம் நான் சோலைகூட வந்துடறேண்ணே" என்றான்.

பிக்கப்பில் ஒரு சீட்டுதான் காலி. டூட்டி முடிந்து பார்த்தால், அதற்கு நாலு பேர் நின்றார்கள்.