குளித்துவிட்டு வந்த டொக்டரக்கா

டொக்டரக்கா,

இன்று ஊறுகாய் போடுவதற்காக வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதுமே நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். போன மாதம் நீங்கள் இறந்த செய்தியைச் சொன்னார்கள். அழவேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை. இன்று போத்தலும் கையுமாக அடுப்படியில் நின்று வஞ்சகமில்லாமல் அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கோப்பாயில் இருந்தோம். சண்டைக்காலம். மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் கண்ணில் காட்டமாட்டார்கள். வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்பென்டிக்ஸ் போலிருக்கிறது, விடிந்ததும் வெட்டிப் பார்க்கலாம் என்றார்கள். விடிவதற்குள் அவளுடைய பின்பக்கத்திலும் தொடைகளிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பிவிட்டன. மாமியார் அதைப் பார்த்த கையோடு, அம்மைதான் என்று எழும்பிவிட்டார். "அம்மாள் வந்த உடம்பிலை கத்தி வைக்கிறதோ? தூக்கு பிள்ளையை!"

வீட்டுக்கு வந்து வாசல் படலையில் வேப்பிலை செருகினோம். அம்மாள் வந்த வீட்டுக்குள் மருந்து வராது, மீன் இறைச்சி சாப்பிட்டவர்களும் வரக்கூடாது. பிள்ளையோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியபடியே கிடந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குருநகரில் உங்கள் வீட்டில் ஷெல் விழுந்தபிறகு நீங்கள் எங்கள் ஒழுங்கையில்தான் உறவினர் வீட்டில் இருந்தீர்கள். வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையின் சத்தம் கேட்டுச் சைக்கிளை நிறுத்தினீர்கள். மாமி படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை. மச்சம் தின்னுற ஆக்கள் உள்ளுக்கை வரப்படாது."

படித்தவர், இனி எங்களுக்கு ஒரு பிரசங்கம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஓமம்மா, ராத்திரியும் மீன்குழம்புதான். கிணத்தடி எந்தப் பக்கம்? குளிச்சிட்டு வாறன்."

தலை முழுகி, என்னுடைய பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்தீர்கள். மாமிக்கு வழிவிடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. பிள்ளையைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, ஒரு கண்ணாடித் தம்ளரைப் புள்ளிகளின் மேல் வைத்து அமத்தினீர்கள்.

"இஞ்சை பாருங்கோ அம்மா. அமத்தியும் சிவப்பு மறையேல்லை. நீர்க் கொப்பளமும் இல்லை. இது அம்மாள் இல்லை. உடம்புக்குள்ளை சின்னச் சின்ன ரத்தக்குழாயள் அழண்டுபோய்க் கசியுது. குடலிலையும் அதுதான், அதாலைதான் உந்தக் குத்து. கன பிள்ளையளுக்குப் புள்ளிதான் முதலிலை வாறது. உவளுக்கு வயித்துக்குத்து முந்திக்கொண்டு வந்திட்டுது. அதுதான் எல்லாரையும் ஏமாத்திப்போட்டுது."

பிறகு நீங்களே எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். புள்ளிகளைப் பார்த்ததும் அங்கேயும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மருந்தைக் கொடுத்தார்கள். குத்து மெல்ல அடங்கியது.

எனக்கு உயிர் வந்தது. உங்களுக்கு வரவில்லை. "அடுத்தது சிறுநீரகம், தங்கச்சி. அது சத்தம் போடாமல் பழுதாகும்" என்றீர்கள். பரிசோதிக்க எங்கும் மருந்தில்லாத காலம். ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து தந்தீர்கள். காலைச் சிறுநீரை அதில் எடுத்து, ஜாம்போத்தல் விளக்கின் சுடருக்கு மேலே பிடித்துச் சூடாக்கவேண்டும். கலங்கினால் இரண்டு சொட்டு வினாகிரி. தெளிந்தால் பயமில்லை. வெள்ளையாகவே நின்றால் உங்களிடம் ஓடிவரவேண்டும். விளக்கெரிக்க எண்ணெயில்லாமல் ஊர் இருட்டில் கிடக்க, நான் மகளின் மூத்திரத்தைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். ஆனால் எண்ணெய் தேடி அலைந்து கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஒருநாள் காலை வினாகிரி விட்டும் அது தெளியவில்லை. அவித்த முட்டையின் வெள்ளை போலத் திரண்டு நின்றது. குழாயைக் கையில் பிடித்தபடியே ஒழுங்கையால் ஓடிவந்தேன். நீங்கள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அன்று பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் முழுதாகக் குணமானபிறகுதான் சொன்னீர்கள். எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்துதான் அதுவரை மறைத்திருக்கிறீர்கள்.

ஒருமுறை கேட்டேன். "சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் நீங்கள், அண்டைக்கு அம்மாளுக்கெண்டு ஏன் குளிச்சனீங்கள்?"

"அம்மாளுக்கு இல்லை. உங்கடை மாமி படலை துறக்கவேணுமெண்டு குளிச்சனான்."

அம்மாள் குறை நினைத்திருக்கமாட்டாள் என்றுதான் மாமி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது முட்டாள்தனமாகப் படலையை மறிக்கும்போது எனக்கும் கோபம் வருகிறது. வந்ததும் உங்கள் ஈரத்தலை நினைவுக்கு வருகிறது. வாயை மூடிக்கொண்டு, கிணற்றடி எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் உங்களைக் கடைசியாகக் கண்டேன். கிட்ட வர வழியில்லை. எங்கே போகிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று அவரவர் கத்திக்கொண்டிருக்க, நீங்கள் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினீர்கள்.

"தங்கச்சி! பிள்ளைக்கு மூத்திரம் தெளிவாப் போகுதோ?"

அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டு வயதை எட்டப்போகிற என் மகள் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் தலையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஓமக்கா! நல்ல தெளிவு!"